ஆறு கிளாஸும் என் தலையும்

சித்தப்பா குடியை விட்டது என் தலையில்தான். கோயில் நேர்த்தி, மந்திரித்த நூல், அப்பாவின் ஏச்சு எல்லாம் தோற்ற பிறகு, எட்டு வயதான என்னை எங்கள் ஸ்காபரோ மோர்னிங்சைட் அப்பார்ட்மென்டின் குசினியில், அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, சித்தி அவரைச் சத்தியம் பண்ணச் சொன்னார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை; அதனால் என் தலையை இரவல் வாங்கினார்கள். "ஊத்தைக் கையோடை பிள்ளையைத் தொடாதேங்கோ, கழுவிப்போட்டு வாங்கோ" என்று சித்தி அதட்ட, அவர் கை கழுவி வந்து என் வகிட்டில் உள்ளங்கையை வைத்தார். சத்தியம் தவறினால் தலை வெடிக்கும் என்று அண்ணன் பிறகு எனக்கு இலவசமாக விளக்கம் தந்தான்.

ஆறு மாதம் தலை பத்திரமாக இருந்தது. புரட்டாதியில் லண்டனிலிருந்து மாமா வந்தார். லண்டன்காரர் வந்தால் நயாகரா காட்டாமல் அனுப்பக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு எல்லோரும் வாடகை வானில் ஏறிப் புறப்பட்டோம். நீர்வீழ்ச்சியை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தாயிற்று. திரும்பும் வழியில் திராட்சைத் திருவிழா. பாட்டு, கூட்டம், நெருப்பில் வாட்டிய சோளத்தின் மணம். மாமா ஒரு வைன் தோட்டத்துக்குள் வானை விடச் சொன்னார். அம்மாவும் சித்தியும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு சோளம் வாங்கப் போக, மாமா ஆறு வகை வைன் ருசி பார்க்கும் டிக்கெட்டில் மூன்று வாங்கிவிட்டார்: தனக்கு, அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு.

"எனக்கு வேண்டாம்" என்றார் சித்தப்பா.

"என்ன ஐசே, உது மருந்து மாதிரி. ஒரு சொட்டுத்தானே!"

லண்டன்காரருக்கு முன்னால் வீட்டுக் கதையை அவிழ்க்க மனமில்லாமல் அப்பா கூரையைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஊற்றிக் கொடுத்தார். சித்தப்பா கிளாஸைச் சுழற்றி மூக்கருகே பிடித்தார். மணந்தார். வாயில் வைத்தார். ஐயோ, என் கதை முடிந்தது! இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். உச்சியில் சுள்ளென்று வலித்ததுபோலக்கூட இருந்தது.

சித்தப்பா பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார். வாளி இருப்பதே அதற்குத்தானாம். பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார். நாக்கில் பட்டாலே சத்தியம் போகுமா, தொண்டையால் இறங்கினால்தான் போகுமா? யாரிடம் கேட்பது? அவருடைய தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்தும் வாளிக்கே போயின.

ஆறாவது, பனியில் உறைந்த திராட்சையில் செய்த இனிப்பு வைன். "உதை ஒருத்தரும் துப்பிறேல்லை" என்றார் மாமா. சித்தப்பா அதை மணந்தார். மணந்துகொண்டே நின்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையைப் பொத்தியிருந்த என் கைகளைப் பார்த்தார். கிளாஸை அப்படியே வாளிக்குள் கவிழ்த்துவிட்டு, "வா பிள்ளை, வெளியிலை போவம்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தார். சோளம் சாப்பிட அவசரமாக்கும் என்று நினைத்தேன்.

வெளியே சித்தி சோளத்தோடு வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன்: "சித்தி, சித்தப்பாவுக்குக் குடிக்கவே தெரியாது! எல்லாத்தையும் துப்பிப்போட்டார்!"

சித்தியின் முகம் ஒரு கணம் செத்துப்போய் மீண்டது. தன் கையிலிருந்த சோளத்தை அவரிடம் நீட்டி, "ஆறிப்போறதுக்கு முதல் சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

பிழைத்துக்கொண்ட தலையைச் சித்தப்பாவின் மடியில் வைத்தபடி, ஸ்காபரோ வரும்வரை வானில் நித்திரை கொண்டேன். அன்று முழுக்க அந்தத் தலைக்காகப் பயந்தது நான் ஒருத்திதான் என்றே நினைத்திருந்தேன்.