சொக்லேட் உருண்டையும் மச்சாளின் சத்தியமும்

குசினிக்குள்ளிருந்து "டொக், டொக்" என்று சத்தம் கேட்டது. முன்னறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த லெனாட் ஊசியை நிறுத்தினான்.

"என்னப்பா, தேங்காய் உடைக்கிறியோ?"

"இல்லை. பிஸ்கட் உடைக்கிறன்."

எழுந்து போய்ப் பார்த்தான். மனைவி றொசாந்தி நிலத்தில் குந்தியிருந்து, கறுத்த வட்டமான ஒன்றை அம்மிக் குழவியால் அடித்துக்கொண்டிருந்தாள். அது உடைகிற மாதிரித் தெரியவில்லை. லெனாட் ஒன்றைக் கையில் எடுத்து நிறை பார்த்தான்.

"உதை வலையிலை ஈயத்துக்குப் பதிலாக் கட்டலாம். நல்லாத் தாழும்."

"சிரியுங்கோ. ஞாயிற்றுக்கிழமை உங்கடை அக்கா சனத்துக்கு நடுவிலை வாயை இறுக்கிக்கொண்டு நிக்கேக்கையும் சிரியுங்கோ."

லெனாட்டின் சிரிப்பு அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது.

குருநகரில் றொசாந்தியைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பாதி அவளுடைய தையல் மெசினில்தான் பிறக்கின்றன. மெசின் ஓடுகிறபோது அவளுடைய வாயும் ஓடும். அளவு கொடுக்க வந்தவள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அவளுடைய வீட்டுக் கதை கடற்கரை வரை போய்விடும் என்று சொல்வார்கள். மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அன்பையும்தான். கைபேசியில் எந்தப் புதுச் சாப்பாட்டைக் கண்டாலும் அன்றைக்கே செய்து, யாருக்காவது ஊட்டிப் பார்த்தால்தான் அவளுக்கு நித்திரை வரும்.

அந்த ஆசைதான் அவளுக்கு வினையாக வந்தது. லெனாட்டின் அக்கா ஜெனிற்றாவின் மகள் கோயிலில் முதல்தரம் நற்கருணை எடுத்து முதல்நன்மை வாங்கியபோது, "கேக் நான்தான் அடிப்பன்" என்று இவள் பிடிவாதமாக நின்றாள். மூன்று தட்டுக் கேக். உச்சியில் ஐசிங்கில் ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி. அன்றைய வெயிலுக்கு ஐசிங் இளகியது. பாதர் செபம் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டுக்குட்டி மெல்ல மெல்லச் சறுக்கி, ஒவ்வொரு தட்டாக இறங்கி, அவருடைய சப்பாத்துக்கு மேலே போய்ப் படுத்துக்கொண்டது. மண்டபமே சிரித்தது. ஜெனிற்றா மட்டும் சிரிக்கவில்லை.

"உன்ரை கையாலை செய்த ஒண்டையும் இனி என்ரை வாயிலை வைக்கமாட்டன்," என்று எல்லாரும் கேட்கச் சத்தியம் பண்ணினாள்.

அந்த ஒரு சொல் றொசாந்தியின் நெஞ்சில் தூண்டில் முள்ளாய்த் தைத்தது. ஜெனிற்றா கோபித்துக்கொண்டு வராமல் விட்டிருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ வருவாள், மீன் கொண்டுவந்து தருவாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் விழித்திருப்பாள். ஆனால் தேத்தண்ணியை நீட்டினால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்பாள். மூன்று வருச நத்தார்ப் பண்டிகையும் அப்படியே போய்விட்டது.

இப்போது றொசாந்தியின் மகள் ஷெறோமியின் முறை. வருகிற ஞாயிறு அவளுக்கு முதல்நன்மை. லெனாட் வீட்டாரிடம் ஒரு வழக்கம் உண்டு. கோயிலால் வந்ததும் பிள்ளைக்கு முதல் இனிப்பை, தகப்பனின் சகோதரியான மாமி ஊட்டுவாள். பிள்ளை தன் கையால் மாமிக்குத் திருப்பி ஊட்டும். அந்த இனிப்பு பிள்ளையின் வீட்டில் செய்ததாக இருக்கவேண்டும், கடையில் வாங்கியது கூடாது. ஷெறோமியின் சின்னக் கை ஜெனிற்றாவின் மூடிய வாய்க்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டால்?

கேக் சுடும் அவணை அவள் அந்த ஆட்டுக்குட்டியோடு கைவிட்டுவிட்டாள். இப்போது அதற்குள் சட்டிகள் இருக்கின்றன. அதனால்தான் அவண் வேண்டாத இந்த ஓட்ஸ் பிஸ்கட்டைத் தேடிப் பிடித்தாள். பால், சீனி, மாஜரின், கொக்கோத் தூள் எல்லாவற்றையும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, ஓட்ஸையும் வறுத்து அரைத்த கச்சான் கடலையையும் கொட்டிக் கிளறி, கரண்டி கரண்டியாகத் தாளில் வைத்தால் முடிந்தது என்று கைபேசி சொன்னது. றொசாந்தி நம்பவில்லை. ஒரு நிமிடத்தில் எந்தப் பாகு வந்தது? எள்ளுருண்டைக்குப் பார்ப்பதுபோல் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, கெட்டி உருண்டைப் பதம் வரும்வரை காய்ச்சினாள். அதன் பலன்தான் அம்மிக் குழவிக்கும் அடங்காத அந்தக் கல்லுகள்.

இரண்டாம் தரம் கைபேசி சொன்னபடியே செய்வதென்று தாச்சியை அடுப்பில் வைத்தாள். அது கொதிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது.

"வீட்டிலை ஆக்களில்லையோ?"

ஜெனிற்றா. மருமகள் ஷெறோமியின் வெள்ளைச் சட்டைக்கு லேஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். றொசாந்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, லேஸைத் தடவிப் பார்த்து, "என்ன வடிவு மச்சாள்" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுப்பு ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினாள். பாகு தடித்துவிட்டிருந்தது. அவசரமாக ஓட்ஸையும் கச்சானையும் கொட்டினாள்.

பின்னாலேயே வந்த ஜெனிற்றா, நோயாளிகளுக்குக் காய்ச்சும் ஓட்ஸின் பெட்டியைக் கண்டு திடுக்கிட்டாள்.

"ஆருக்கு வருத்தம்? தம்பிக்கோ?"

"கிளினிக்கிலை இவரைச் சாப்பிடச் சொன்னவை. தொடுறாரில்லை. அதுதான் சொக்லேட்டுக்கை ஒளிக்கிறன்," என்று ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் சமாளித்தாள் றொசாந்தி.

"பாவம். வருத்தத்திலை தப்பினாலும் உன்னட்டைத் தப்பமாட்டான்."

"இருங்கோ மச்சாள், ரீ போடுறன்."

"வேண்டாம். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

ஜெனிற்றா கைகளைக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். தாச்சிக்குள் கரண்டி சிக்கத் தொடங்கியது. றொசாந்தி ஒன்றை வழித்து வைப்பதற்குள் மற்றப் பக்கம் காய்ந்தது.

"உது இறுகுது," என்றாள் ஜெனிற்றா.

"தெரியுது மச்சாள்."

"தெரிஞ்சும் கரண்டியோடை மல்லுக்கட்டுறாய். சூட்டோடை கையாலை உருண்டை பிடி."

"சுடுது மச்சாள்."

"சுடாமல் பாகு ஆறின பிறகு பிடிக்கப்போறியோ? தள்ளு அங்காலை."

ஜெனிற்றா சேலையைச் செருகிக்கொண்டு கையைத் தண்ணீரில் நனைத்தாள். பிறகு அந்தக் குசினியில் பேச்சே இல்லை. இரண்டு பெண்களின் நான்கு கைகளும் தாச்சிக்கும் தட்டுக்குமாகப் பறந்தன. ஒருத்தி கிள்ளினாள், மற்றவள் உருட்டினாள். உருண்டைகள் வரிசையாக நிறைந்தன. சத்தம் அடங்கிவிட்டதே என்று பார்க்க வந்த லெனாட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

கடைசி வழியலைச் சுரண்டுகையில் தாச்சியின் அடிச்சூடு ஜெனிற்றாவின் விரலைப் பிடித்தது. "ஸ்ஸ்" என்று கையை இழுத்தாள். விரல் தானாக வாய்க்குள் போனது, சொக்லேட்டோடு.

ஜெனிற்றாவின் கண்கள் விரிந்தன. விரல் இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. லெனாட் வாயைத் திறந்தான். றொசாந்தி அவனைப் பார்த்த பார்வையில் திறந்த வாய் மூடிக்கொண்டது.

சாதாரண நாளாக இருந்தால் அவள் வேலியால் எட்டி அயலுக்கே கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவள் திரும்பி நின்று, துடைத்த அடுப்பையே மீண்டும் துடைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். கண்ணீர் அடுப்பில் விழுந்தபோது அதையும் துடைத்தாள்.

பின்னாலிருந்து ஜெனிற்றாவின் குரல் வந்தது.

"கச்சானை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்."

"ஓம் மச்சாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வடிவா வறுக்கிறன்."

"சின்னச் சின்னனாப் பிடி. பிள்ளை ஊட்டேக்கை முழுசா உள்ளுக்குத் தள்ளிப்போடும். எனக்கு ஒரு பல்லு ஆடுது."

றொசாந்தி திரும்பாமலே தலையாட்டினாள்.

ஜெனிற்றா கையைக் கழுவி, சேலையை இழுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவள்போல் வாசலுக்கு நடந்தாள். படியில் செருப்பைப் போடும்போது தம்பியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னடா பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"அப்ப போய் வலையைப் பொத்து."

அவள் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை றொசாந்தி வாசலில் நின்று கையசைத்தாள். பிறகு கணவனை உள்ளே இழுத்து, வெடித்து வந்த சிரிப்பு மச்சாளின் காதில் விழுந்துவிடாமல் கதவைச் சாத்தினாள்.