டைனமோவைக் கழற்றிய வாரம்

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போன என் மனைவி, குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் அங்கேயே இருந்தாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் வீடு வீடாக நுழைந்து வந்தேன். இப்போது அதியமான்கோட்டையில் என் வீட்டுக்குள் நுழைய யாரும் இல்லை. பால்காரர்கூட கேட்டில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. வேலையில் இருந்தபோது ஒரு டாக்டரிடம் வாங்கியது. ஏறக்குறைய என் வயதுதான் அதற்கும். ஒரு சாயங்காலம் பாப்பிரெட்டிப்பட்டியில் வரவேற்பு ஒன்றுக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பரையும் ஹெட்லைட்டையும் ஒன்றாகப் போட்டதும் ஆம்பியர் முள் இடது பக்கம் சாய்ந்தது. பேட்டரியை நிரப்ப வேண்டிய டைனமோ தருவதைவிட, கார் எடுத்துக்கொள்வது அதிகம் என்று அர்த்தம். கொஞ்ச தூரத்தில் வெளிச்சம் மஞ்சளாகி மங்கியது. இன்ஜின் இருமிவிட்டு நின்றது. யாரைக் கூப்பிடலாம் என்று போனில் பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். எத்தனையோ பெயர்கள். வாங்க என்று உரிமையோடு கூப்பிட ஒருவர்கூட இல்லை. கடைசியில் அந்த வழியாக வந்த டெம்போக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டார்.

அவர் சொல்லித்தான் தர்மபுரியிலிருந்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். நாற்பது வயதிருக்கும். பானட்டைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"டைனமோவ எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிரலாம்ங்க சார். வண்டி மெதுவா ஓடுனாலும் சார்ஜ் ஏறும். ஆனா இது பாசிட்டிவ் எர்த் வண்டிங்க, பேட்டரியோட பாசிட்டிவ் பக்கம் பாடில மாட்டிருக்கு. பேட்டரில இருந்து எல்லாத்தயும் திருப்பி மாட்டணும்."

"எத்தன நாள் ஆவுங்க?"

"மூணு நாளு புடிக்கும்."

மூன்று நாள் என்றதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. காருக்காக வந்த சந்தோஷம் இல்லை.

முதல் நாள் டைனமோவைக் கழற்றினார். இரண்டாம் நாள் புது பிராக்கெட்டை வெல்டிங் வைத்து எடுத்து வந்து, பெல்ட் நேராக ஓடும்வரை வாஷர் போட்டுப் போட்டுப் பார்த்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் ரசமும் பீன்ஸ் பொரியலும் செய்தேன். இன்னொரு தட்டை அலமாரியிலிருந்து எடுத்தபோது அதில் தூசி படிந்திருந்தது. ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் பெண் பத்தாவது படிப்பதை, மாமியார் கன்னடத்தில் திட்டுவதை எல்லாம் சொன்னார். சாயங்காலம் அவர் கிளம்பிய பிறகும் வீட்டில் அந்தப் பேச்சு கொஞ்ச நேரம் இருந்ததுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் பழைய ஒயர்களுக்குப் பதில் தடித்த ஒயர் இழுத்து, சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. மீட்டரை பேட்டரியில் வைத்துக் காட்டினார்.

"பதினாலு வோல்ட் காட்டுது பாருங்க. இனிமே பத்து வருசத்துக்கு என்னத் தேட மாட்டீங்க."

நல்ல வார்த்தைதான். எனக்குச் சுருக்கென்றது.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் நான் செய்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஸ்பானரை எடுத்துப்போய் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருந்த சின்ன நட்டைத் தளர்த்தி, சிவப்பு விளக்குக்குப் போகும் ஒயரை உருவிவிட்டேன். பிறகு அவருக்குப் போன் செய்தேன்.

"சாவியத் திருப்புனா சிவப்பு லைட்டே எரிய மாட்டேங்குதுங்க."

பத்து மணிக்கு வந்துவிட்டார். அரை நிமிடத்தில் ஒயரைக் கண்டுபிடித்தார். நட்டை விரலால் சுழற்றிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் வாஷர் போட்டு நான் இறுக்குனதுங்க. தானா கழலாது." கொஞ்சம் பொறுத்து, "கரண்ட்டுல முப்பது வருசம் இருந்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

"நாந்தான் கழட்டுனேன்."

"எதுக்குங்க சார்?"

"வூட்ல யாரும் இல்லீங்க."

அவர் நட்டை இறுக்கினார். சுத்தமாக இருந்த ஸ்பானரை மறுபடி மறுபடி துடைத்தார். டீ போட்டுக் கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தார். கிளம்பும்போது, "ஒயரெல்லாம் புடுங்காதீங்க. வாங்கன்னு ஒரு போன் போடுங்க, வர்றேன்" என்றார். அடுத்த ஞாயிறு போட்டேன். ஓசூரில் வேலையாக இருந்தார். "வர்றேங்க சார்" என்றார். வரவில்லை. பொய் சொல்லவில்லை, வேலை விடவில்லை. அதற்கு மேல் நான் தொந்தரவு செய்யவில்லை.

அந்த ஞாயிறு இரவு மனைவி போனில் வழக்கம்போல், "சாப்டீங்களா?" என்று கேட்டாள். ஒயரை உருவிய கதையை அவளிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள், "கார் இங்க வரைக்கும் வருமா?" என்றாள்.

"வரும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். கார் எங்கேயும் நிற்கவில்லை. பேரன் என்னைப் பார்த்ததும் அழுதான். மறுநாள் தானாக வந்து என் சட்டைப் பையில் கைவிட்டான். திங்கட்கிழமை நான் திரும்பும்போது மனைவி லிஃப்ட் வரை வந்தாள். குழந்தை உள்ளே கூப்பிட்டதும் ஓடிவிட்டாள்.

இப்போது மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை போகிறேன். மற்ற நாட்கள் அப்படியேதான் இருக்கின்றன.