பத்து நாள் பாக்கி இருந்த விசா

ஆஸ்திரேலியாவில் இருக்கும் டாஸ்மேனியாவுக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் ஷார்ஜாவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அதில் பாதி பொய். என் கோட்டுப் பையில் மகனுக்கும் சேர்த்து எடுத்த, ஷார்ஜா திரும்பும் டிக்கெட் இருந்தது. அங்கே படிப்பை முடித்துவிட்டு ஒரு காபிக் கடையில் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அமீரக விசா என் விசாவை ஒட்டியது. ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது வந்து இறங்கினால்தான் அதற்கு உயிர். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் இப்படி வந்து இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். இவனுக்குப் பத்து நாள்தான் பாக்கி. போனில் கேட்டால் பிடி கொடுக்கவில்லை.

ஜூன் மாதம். ஷார்ஜாவில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் காலம். டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டிலோ அது குளிர்காலம், இறங்கியதும் பல் கிடுகிடுத்தது. என் மனைவி பர்தாவுக்குள் மூன்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உருண்டு உருண்டு நடந்தாள். கிண்டல் செய்யலாம் என்றால் எனக்கு வாய் ஒத்துழைக்கவில்லை.

மகன் எங்களை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்ப் பனியைக் காட்டினான். பிறகு துறைமுகத்தை ஒட்டிய பழைய கல் கட்டடங்கள். அந்தக் காலத்துச் சரக்குக் கிடங்குகளாம். நானும் ஷார்ஜா தொழில்பேட்டையில் இருபத்தாறு வருடமாகக் கிடங்கு பார்ப்பவன்தான். எங்களுடையது தகரம், அதையும் இரண்டு முறை பிரித்துக் கட்டியாயிற்று. இவனோ, பாட்டன் கட்டிய வீடு மாதிரி அந்தச் சுவர்களைத் தட்டித் தட்டிக் காட்டினான். எனக்கு எரிச்சலாக வந்தது. அங்கேயே டிக்கெட்டை எடுத்து நீட்டிவிட்டேன்.

"ரெண்டே நாள். வந்து எறங்கிட்டு அடுத்த ஃப்ளைட்ல திரும்பிடு."

"எதுக்கு வாப்பா?"

"வீட்டுக்கு வர போக வழி இருக்கணும்ல?"

அவன் குரலை உயர்த்தவில்லை. "அடுத்த வருஷம் உங்களுக்கு ரிட்டையர்மென்ட். உங்க விசா முடிஞ்சா என்னுதும் கலாஸ். அப்புறம் அது எப்படி நம்ம வீடு?"

"கீழக்கரையில வீடு இருக்குல்ல?"

"அங்க எனக்கு யாரைத் தெரியும்? லீவுக்கு வந்துட்டுப் போற விருந்தாளி வாப்பா நான்."

மனைவி என் முகத்தையே பார்த்தாள், நான் ஏதாவது சொல்லிச் சரிக்கட்டிவிடுவேன் என்று. நான் டிக்கெட்டை மடித்துக் கோட்டுப் பையில் திரும்ப வைத்தேன். அவன்மேல் கோபப்படவும் வழியில்லை, சொன்னது அத்தனையும் உண்மை. அழுகை முட்டியது. குளிரின் மேல் பழியைப் போட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பினோம். பத்து நாளும் ஓடிப்போனது. கம்பெனியில் விசா வேலை பார்ப்பவர், மகனின் விசாவை முறைப்படி ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சிக்கல் என்றார். அதற்கு ஸ்பான்ஸர் கையெழுத்து வேண்டும். ஸ்பான்ஸர் நான்தான்.

டைப்பிங் சென்டர் பையன் விண்ணப்பத்தை அடித்து முடித்து, சரிபார்க்கச் சொல்லி என் பக்கம் திருப்பி வைத்தான். மகனின் பெயர் சரி. பிறந்த தேதி சரி. பிறந்த இடம் ஷார்ஜா, அதுவும் சரி.

"எல்லாம் ஓகேயா பாய்?" என்று கேட்டான்.

ஓகே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.