வலிக்காத முழங்கால்

போன வாரம் மன்னார்குடி கடைத்தெருவில் மளிகைக்கடைக்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். என் நண்பர் ஜெகதீசனுக்கு முழங்கால் வலியே இருந்ததில்லையாமே, ஊரையே இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டாரே என்று ஒரே வருத்தம். இப்போது கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

ஜெகதீசன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். விசாவைப் புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் விமானம் ஏற்றிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் நம் ஊர் கேட்கும் முதல் கேள்வி என்ன? எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்பதுதானே! முழங்கால் வலி, ஏணி ஏற முடியவில்லை என்று சொல்லிவைத்தார். சொன்ன குற்றத்துக்கு நொண்டவும் வேண்டியிருந்தது. தெருவில் நொண்டல்... வீட்டுக்குள் நல்ல நடை. மாதாமாதம் தஞ்சாவூர் போய் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கிவருவதும் முழங்கால் வைத்தியம் என்றே பெயர் பெற்றது. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். எனக்குக்கூடத் தெரியாது.

உறவுக்காரர்கள் வந்து தங்கினால் மாத்திரையை ஒளித்துவைப்பார். சில நாள் விழுங்காமலும் விட்டிருக்கிறார். இந்தக் குறுவை அறுப்பு சமயத்தில் அந்த முழங்கால் நிஜமாகவே வீங்கியது.

காய்ச்சல் வேறு. காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. ஆனால் ஊருக்கு அது பழைய வலிதானே? ஒருவர் நொச்சி இலை ஒத்தடம் என்றார். மளிகைக்கடையிலிருந்து தைலம் வந்தது. ஜெகதீசனின் மைத்துனர் உட்கார்ந்து நீவியே விட்டார். உள்ளூர் டாக்டரிடமும் ஜெகதீசன் பழைய வலி என்றே சாதிக்க, அவரும் வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். பொய்க்கு இவ்வளவு விசுவாசமாக இருந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

காய்ச்சல் ஏறியதும் நானும் மைத்துனரும் காரில் தஞ்சாவூர் கொண்டுபோனோம். எலும்பு டாக்டர், ஒரு பெண்மணி, எத்தனை வருஷமாக வலி என்று கேட்டார். ஏழெட்டு வருஷம் என்று மைத்துனர் முந்திக்கொண்டார். ஜெகதீசன் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார்.

"போன வாரம் வரைக்கும் இந்தக் கால் வலிச்சதே இல்லீங்க டாக்டர். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அதைச் சொல்ல முடியாமத்தான் கால் வலின்னு சொன்னேன்."

டாக்டர் முகம் மாறவில்லை. மைத்துனர் கை கழுவ இடம் தேடிப் போனார். மூட்டில் ஊசி விட்டார்கள், சீழ் வந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் கிருமி மூட்டிலும் எலும்பிலும் தசையிலும் இப்படிச் சுலபமாகக் குடியேறிவிடுமாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் மூட்டே போயிருக்கும் என்றார் டாக்டர். அன்றே திறந்து கழுவினார்கள். கால் பிழைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது வீட்டில் இருக்கிறார். இலையும் தைலமும் கொண்டுவந்த கூட்டத்தில் ஒருவரையும் அந்தப் பக்கம் காணோம். மைத்துனர் மூலம் விஷயம் பரவிவிட்டது, அவ்வளவுதான்.

எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். சொந்தப் பெயரையே போடச் சொன்னார். ஒளிந்தது போதுமாம். ஜெகதீசன் என்று மாற்றியது நான்தான். அவர் மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அங்கேயும் இந்தப் பத்தியை வாசிப்பவர்கள் இருப்பீர்கள்...

மன்னிக்கவும், உங்கள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.