இரண்டு மரை மாமூல்

1. மஞ்சள் கார்

அந்த மஞ்சள் கார் என் ஷெட்டுக்கு வந்தபோது நான் ஒரு டிரெய்லர் லாரியின் அடியில் படுத்திருந்தேன். திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகிற சாலையில் என் ஷெட். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு டர்போ பார்ப்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேச்சும் அவ்வளவாக வராது. லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போது யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம்.

"மாஸ்டர், வெளிய வா. உனக்கு ஒரு பொருள் எடுத்தாந்துகீறேன்" என்று குரல் கேட்டது. ரபீக் பாய். வண்ணாரப்பேட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்பவர். அவருடைய சரக்கு லாரிகளை நான்தான் பார்ப்பேன்.

வெளியே வந்தால் தரையோடு தரையாக ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். பானெட்டைத் திறந்தார். இன்ஜினைத் தேடினேன். லாரி ஸ்டார்ட்டர் மோட்டாரைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று அடியில் கிடந்தது. அதன் மேல் முழுக்க ரப்பர் ஹோஸ்.

"பாய், நான் லாரிக்காரன்."

"டர்போ டர்போதானே? காத்து தள்ளணும், அவ்ளோதான். நீ பாரு மாமு."

கூட வந்திருந்தவர் ஜெனி. ராயபுரத்துப் பெண், வயது முப்பதுக்கு மேல் இருக்கும். லேப்டாப்பைச் செருகி, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று இன்ஜினுக்குக் கணக்கு எழுதுவது அவர் வேலை. அவர்தான் எனக்கு விளக்கினார்.

"இதுல பிஸ்டனே கெடையாதுண்ணா. ரோட்டரி இன்ஜின். முட்டை மாதிரி ஒரு ரூம்பு. உள்ள ஒரு சமோசா சுத்திக்கினு கீது. அதோட மூணு மூலையிலயும் சின்ன பட்டை சீல். அந்த சீல் ஒடஞ்சா இன்ஜின் காலி."

"ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம்ல?"

பாய் முகம் சுருங்கியது. "போன தபா ஒரு சீல் ஒடஞ்சி, உள்ள ரூம்பையே கீறிடிச்சி. பார்ட்ஸுக்கு ஒன்ற வருஷம் காத்துக்கினு இருந்தேன். இன்னொரு தபா ஆச்சின்னா ரூம்பு கெடைக்காது மாஸ்டர். வண்டிய வூட்டு வாசல்ல ஷோவுக்கு வெக்க வேண்டியதுதான்."

அவருக்கு வேண்டியது ஒரு பதில். காரோடு வந்தது இரண்டு சின்ன டர்போ. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது ஒரே ஒரு பெரிய டர்போ. இரண்டு செட்டப்பையும் இதே இன்ஜினில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். எது நல்லதோ அதை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்.

2. நூல் கட்டிய ஹோஸ்

முதலில் இரட்டை டர்போ. அது காரிலேயே இருந்தது. அடுத்த வாரம் அதைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஹோஸும் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். ஜெனி லேப்டாப்பில் படம் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். பாய் கடையிலிருந்து கலர் கலராக நூல்கண்டு வாங்கி வந்து, ஒவ்வொரு ஹோஸின் இரண்டு முனையிலும் ஒரே கலர் நூலைக் கட்டினேன். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் வரைந்தும் வைத்தேன். மூன்று நாள் ஆனது.

நூல் கட்டக் கட்டத்தான் அந்த ஏற்பாடு புரிந்தது. டர்போவைச் சுழற்றுவது இன்ஜின் விடும் புகைதான். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது வருகிற புகை முழுவதும் ஒரு டர்போவுக்கு மட்டும் போகிறது. கொஞ்சம் புகையே போதும் என்பதால் அது உடனே வேகம் பிடிக்கும். சுற்று ஏறிய பிறகு ஒரு கதவு திறந்து இரண்டாவது டர்போவும் சேர்ந்துகொள்ளும். மேம்பாலம் ஏறுகிற மீன்பாடி வண்டியை முதலில் ஒருவர் தள்ளுவார். பாதியில் இன்னொருவர் ஓடி வந்து தோள் கொடுப்பார். அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பாயின் மச்சான் வைத்திருக்கும் கன்டெய்னர் யார்டில் ஓட்டினார்கள். யார்டு அன்றைக்குக் காலி. நீளமான சிமென்ட் தரை. பாய் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். கிளம்பிய உடனே இழுத்தது. நடுவில் ஒரு நொடி லேசாகத் தொய்ந்து, மறுபடி பிடித்தது. இரண்டாவது ஆள் தோள் கொடுத்த இடம் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

3. பயில்வான்

அடுத்த வாரம் பெரிய டர்போவை மாட்டினேன். வேலை சுலபம். அத்தனை ஹோஸில் முக்கால்வாசி தேவையே இல்லை. ஜெனி அதற்குப் பயில்வான் என்று பெயர் வைத்தார். "பயில்வான் லேசுல எழுந்துக்க மாட்டாருண்ணா. எழுந்தாருன்னா வுட மாட்டாரு."

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். அதற்கு மாமூல் என்றால் என்ன என்று முதலில் சொல்கிறேன்.

டர்போவில் காற்று அழுத்தம் அளவை மீறினால் புகையை வெளியே விடுவதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. அதை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பியில் மரையும் நட்டும் இருக்கும். நட்டைத் திருகிக் கம்பியைக் கொஞ்சம் குட்டையாக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும். அழுத்தம் ஏறும். டிரெய்லர் டிரைவர்கள் எல்லோருக்கும் இது வேண்டும். "மாஸ்டர், மாமூல் போட்டியா?" என்று கேட்டுத்தான் சாவி வாங்குவார்கள். மாமூல் என்றால் இரண்டு மரை, அதாவது நட்டை இரண்டு சுற்று. டீசலில் காற்று கொஞ்சம் கூடினால் கரும்புகை குறையும், சூடும் குறையும், இழுவை கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. வருடக்கணக்காகச் செய்ததில், கடைசி நட்டை முறுக்கும்போது கை தானாகவே இரண்டு மரை போட்டுவிடும்.

பயில்வானுக்கும் போட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

யார்டில் ஜெனி பின்பக்கம் லேப்டாப்போடு உட்கார்ந்தார். முதலில் பாதி ஆக்ஸிலேட்டரில் ஒரு ஓட்டம். கார் திரும்பி வந்து என் அருகில் நின்றதும் ஜெனி முணுமுணுத்தார்.

"காத்து அழுத்தம் பத்து பவுண்டுல நிக்கணும். பதிமூணு காட்டுது. சென்சார் பொய் சொல்லுது."

"இன்னா பண்றது?" என்றார் பாய்.

"மூணு கொறச்சி எழுதிட்டா சரியாப்பூடும். பெட்ரோல் கணக்கு பதினாலு பவுண்டு வரிக்கும்தான் எழுதிகீறேன். அதுக்கு மேல கட்டம் காலி. ஃபுல்லா அமுக்கறப்போ சென்சார் கரெக்டா இருக்கணும்."

அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அன்று நான் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"காத்து நெறைய, பெட்ரோல் கம்மி. இது டீசல் இல்லண்ணா, பெட்ரோலு. சூடு ஏறி உள்ள டொக்கு டொக்குனு வெடிக்கும். சீல் புட்டுக்கும்."

டீசலுக்கு நல்லது செய்கிற அதே காற்று இங்கே இன்ஜினைக் கொல்லும். சென்சார் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று பவுண்டு என் இரண்டு மரை.

பாக்கெட்டில் ஸ்பேனர் இருந்தது. 'ஒரு நட்டு லூசு' என்று சொல்லி பானெட்டைத் திறந்து, யாருக்கும் தெரியாமல் பழையபடி வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜெனி அதற்குள் மூன்று குறைத்து எழுதிக்கொண்டிருந்தார். நான் மரையைச் சத்தமில்லாமல் சரிசெய்தாலும் அந்தத் தப்புக் கணக்கு உள்ளேயே இருக்கும். உண்மையில் வருகிற காற்றைவிடக் குறைவான காற்றுக்கே பெட்ரோல் போகும். வாயைத் திறந்தால் ஒழிய இதற்கு வழியில்லை.

பாய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினார்.

நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னா நைனா, சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?"

"ஆஃப் பண்ணு பாய். சென்சார் நல்லா கீது. நான் மாமூல் போட்டுட்டேன்."

பாய் இன்ஜினை நிறுத்தினார். லாரி முதலாளி என்பதால் அவருக்கு உடனே புரிந்தது. ஜெனிக்குப் புரியவில்லை. "மாமூலா? யாருக்குக் குடுத்தீங்க?" என்றார். பாய்தான் அவருக்கு விளக்கினார். கேட்டதும் ஜெனி லேப்டாப்பை மூடிவிட்டு இறங்கினார்.

"எத்தினி மரைண்ணா?"

"ரெண்டு."

"ரெண்டு மரைக்கு மூணு பவுண்டா? கரெக்டா சொல்லிச்சே சென்சாரு! பாவம், அதப் போயி பொய்க்காரன்னு திட்டிட்டேன்." அவர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் பானெட்டின் மேல் கை வைத்தார்.

"ஒன்ற வருஷம் மாஸ்டர்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மரையைப் பழையபடி வைத்தேன். ஜெனி தான் எழுதியதை அழித்தார். மறுபடி பாதி ஓட்டம். பத்து பவுண்டு, சொன்னபடி. பிறகு முழு ஓட்டம். போன வாரம் போல என்னை உட்காரச் சொல்லவில்லை. வெளியே நின்று பார்த்தேன். யார்டின் பாதி வரை கார் சாதாரணமாகத்தான் போனது. பிறகு யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்தது போலப் பறந்தது. போன வாரம் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டால், பாதி தூரம் வரை இரட்டை டர்போதான் முந்தி. யார்டு முனையிலிருந்த கடைசிக் கம்பத்தைப் பயில்வான் ஒரு மூச்சு முன்னால் தொட்டது.

இறங்கி வந்த பாய் என்னிடம்தான் கேட்டார். "சொல்லு மாஸ்டர், எது?"

"ரோடு எவ்ளோ நீளம் பாய்?"

அவர் யோசித்தார். வீடு வண்ணாரப்பேட்டைச் சந்து. ஓட்டுவது ஞாயிறு காலை மட்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போக வேண்டும். பயில்வான் எழுந்து நிற்பதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும்.

"அந்த ஹோஸையெல்லாம் திரும்ப மாட்டணுமா?" என்றார்.

"நூல் கட்டி வெச்சிகீறேன்."

4. தாயத்து

இரட்டை டர்போ இன்றும் அந்தக் காரில் ஓடுகிறது. சீல் உடையவில்லை. பாய் தன் லாரிகளை இன்னும் என்னிடம்தான் அனுப்புகிறார்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தவறு செய்யாத கை கிடையாது. ஆனால் பழகிய கை நம்மைக் கேட்காமலே வேலை செய்யும். செய்ததை நாம் மறந்தும் போவோம். பிறகு அடுத்தவர் நல்ல சென்சாரைச் சந்தேகப்படுவார். அதனால், கேட்காத இடத்தில் கை வைத்தால் அங்கே ஒரு அடையாளம் இருக்க வேண்டும், அதை வாயாலும் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவது இன்னும் கஷ்டம். அதனால் முதலாவதைத் தவறவிடுவதில்லை. மாமூல் போட்ட ஒவ்வொரு கம்பியிலும் சிவப்பு நூல் கட்டுகிறேன். சூட்டில் கருகினால் அடுத்த சர்வீஸில் புது நூல்.

போன வாரம் ஒரு டிரெய்லர் டிரைவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர் இது, வண்டிக்குத் தாயத்தா?"

"வண்டிக்கு இல்ல" என்றேன். "எனக்கு."