வியன்னாவில் தின்ற கேக்

லேக் மார்க்கெட் பேட்டை நண்பர்கள் நால்வர் ஐரோப்பா போனோம். பாரிஸ், வியன்னா, ரோம் என்று எந்த ஊரிலும் நாங்கள் முதலில் தேடியது தயிரைத்தான். உடம்பு சரியில்லாமல் வீட்டில் தங்கிவிட்ட ரமணிக்கு, தின்றதையெல்லாம் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் உடனே வரும். போன் செய்து பேசத்தான் எனக்கு நேரமில்லை.

திரும்பியதும் சாக்லேட்டோடு பாலிகஞ்ச்சில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ரமணியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"நீங்க வியன்னா போன அன்னிக்குக் காலம்பற போயிட்டார்," என்றார் அவர் மனைவி. "சொல்லாதேன்னுட்டுத்தான் போனார். எல்லாரும் பாதியில ஓடி வந்துடுவேளாம். அதான் நானே பதில் போட்டுண்டிருந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. சாக்லேட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, போனை எடுத்துப் பார்த்தேன். வியன்னா போன அன்று மாலை, "கேக் எப்படி?" என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று நான் குறைப்பட்டிருக்கிறேன்.