டெலிபோன் சொன்ன சுருதி

1998ஆம் ஆண்டு. இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோ பகுதியில் நானும் மனைவியும் குடியிருந்தோம். இருவருக்கும் இத்தாலியர் வீடுகளில் வேலை செய்வதுதான் பிழைப்பு. ஆனால் யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்திய கை சும்மா இருக்குமா? பிரான்காச்சோவில் ஒரு பட்டறைக்காரர் கழித்துப் போட்ட டிவிகளைக் கழற்றி, மொடியூலர் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி ஒன்று செய்தேன். ஒலி எழுப்ப ஒரு பெட்டி, அதை மென்மையாக்க ஒரு பெட்டி, இடையில் காடு மாதிரி வயர்கள். தம்புரா மீட்டுவதுபோல ஒலியை விட்டுவிட்டுக் கொடுக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப். அதற்கான புரோகிராமை, வேலை செய்த வீட்டுக்கார சிஞ்ஞோரா அம்மா தந்த பழைய கம்ப்யூட்டரில் எழுதினேன்.

எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து நடத்தும் சரஸ்வதி பூசைக்கு மனைவி பாடுவதாக இருந்தது. ஊரைவிட்டு வந்தபின் அவள் மேடையேறப் போவது அதுதான் முதல் தடவை. என் பெட்டிதான் சுருதி. பயிற்சியில் முதல் பாட்டு நன்றாக இருக்கும். மூன்றாவது பாட்டில் சுருதி விலகிவிடும்.

"உமக்குப் பழக்கம் விட்டுப் போச்சு. மெசின் பிழை விடாது" என்று பெரிய வித்துவான் மாதிரிச் சொல்வேன்.

ஒரு கிழமை பொறுத்தாள். பிறகு, "நான் பாட மாட்டன். வேறை ஆரையும் பாட விடுங்கோ" என்று பாட்டுக் கொப்பியை மூடிவிட்டாள். சமைக்கும்போது முணுமுணுப்பதுகூட நின்றது. அப்போதும் என் தலைக்கனம் இறங்கவில்லை.

பூசைக்கு மூன்று நாள் இருக்க, ஒரு மத்தியானம் ஆபிரிக்காப் பக்கமிருந்து சூடான காற்று வீசி வீடே கொதித்தது. நான் பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவள் டெலிபோனைத் தூக்கி என் காதில் வைத்தாள். டயல் பண்ணுமுன் கேட்கும் அந்த ஒலி.

"இதோடை உங்கடை பெட்டியின்ரை சுருதியைச் சேர்த்து வையுங்கோ."

சேர்த்தேன். அரை மணித்தியாலம் கழித்து மறுபடி தூக்கினாள். டெலிபோனின் சுருதி அதே இடத்தில் நின்றது. என் பெட்டியின் சுருதி மேலே போயிருந்தது.

"இப்ப ஆர் விலகினது? சொல்லுங்கோ."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சூடு ஏறினால் பெட்டிக்குள் இருக்கும் பாகங்கள் சுருதியை மாற்றிவிடும் என்பது தெரியாதவனா நான்? தெரிந்தும் அவளைத்தான் சந்தேகித்தேன்.

"பிழை என்ரைதான். மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"ஓம், முதலிலை இதைத் திருத்துங்கோ" என்றாள், சிரிக்காமல்.

மைக்ரோகண்ட்ரோலருக்குத் தாளம் கொடுக்கும் கடிகாரம் சூட்டுக்கு அவ்வளவாக அசையாது. ஒலியையே அதன் பொறுப்பில் விட்டு, புரோகிராமை மாற்றி எழுதினேன். பூசையன்று, மண்டபம் நிறைந்த புழுக்கத்திலும் பெட்டி விலகாமல் நிற்க, அவள் மூன்று பாட்டும் பாடினாள். வயர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றும் வீட்டில் ஏதாவது ஒத்துப்போகாவிட்டால், அவளைக் குறை சொல்லுமுன் என்னைத்தான் முதலில் சோதிக்கிறேன். நான் கொடுத்த சுருதியே நழுவிக்கொண்டிருக்க, அவள் அத்தனை நாளும் சரியான இடத்தில் நின்றுதானே பாடியிருக்கிறாள்!